கையைத் தூக்காதவன்

யாரோ ஒருத்தன் கையைத் தூக்கல. இந்த ஊர்லதான் இருக்கான். மூணு வேளையும் நல்லாச் சாப்பிடுறான், ஏப்பம் விடுறான், கோயில் கொடைக்கு முதல் ஆளா வந்து நிக்கிறான். கையை மட்டும் தூக்கல. பேரைச் சொல்ல மாட்டேன். சன்னலைத் தெறந்துதான் வச்சிருக்கேன், கேக்க வேண்டியவன் காதுல விழட்டும். நீ படு பூரணி. காலை நீட்டு. கதை சொல்றேன், 'ம்' போடணும். போடலன்னா நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பொட்டல் இருந்துச்சாம். புல்லு மொளைக்காது, எருமைகூடப் படுக்காது. ஆனா சாயங்காலமானா ஊர்ப் பிள்ளைக பூரா அங்கதான் கெடக்கும். கபடி! திமுதிமுன்னு ஓட்டம், பொத்து பொத்துன்னு விழுறது, ஒரே புழுதி. அந்தக் கூட்டத்துல முப்பிடாதின்னு ஒரு பொண்ணு. எலும்பும் தோலுமா இருப்பா, ஆனா எதிராளி கணுக்காலைப் புடிச்சான்னா உடும்புதான். அவளுக்கு ஒரு தங்கச்சி, கோமு. கோமுவுக்கு ஆடுறதைவிடக் கோடு போடுறதுலதான் ஆசை. தகர டப்பாவுல ஓட்டை போட்டு, அடுப்புச் சாம்பலை ரொப்பி, முதுகுப் பக்கமா பின்னாடியே நடந்து நடந்து போடுவா. சர்ர்ர்... சர்ர்ர்... திரும்பியே பாக்க மாட்டா. கோடு நூல் புடிச்ச மாதிரி வரும்.

"பின்னாடியே நடந்தா விழ மாட்டாளா அத்தை?"

"அந்தப் பொட்டல்ல அவளுக்குத் தெரியாத கல்லு கெடையாது. ம் போடு."

"ம்."

அப்புறம், பாடிப் போறதுக்குன்னே பொறந்தவன் ஒருத்தன் அங்க இருந்தான். கபடி கபடின்னு மூச்சு விடாம எதிராளி பக்கம் போவான், தொட்டுட்டு வந்துருவான். அவன்தான் கேப்டன். ஒரு பொங்கலுக்குப் பக்கத்து ஊரோட ஆட்டம். ஜெயிச்சா ஒரு கிடா. கடைசி நேரம். எதிராளி பாடி வந்தான், அவன் காலு நம்ம கேப்டன் பெருவெரல்ல லேசா உரசிட்டுப் போயிருச்சு. நடுவர் பாக்கல. ஒரு ஈ காக்கா பாக்கல. அப்போ இவன் என்ன பண்ணான்? கையைத் தூக்கிட்டான். "நான் அவுட்டு"ன்னு தானே வெளிய போயிட்டான். கிடா போச்சு.

முப்பிடாதிக்கு வந்துச்சே கோவம்! "கூறுகெட்டவனே, கிடாயை ஓட்டி விட்டுட்டியேல!"

"பட்டது எனக்குத் தெரியும்லா? பட்டா கையைத் தூக்கணும். இல்லன்னா அது வெளையாட்டே இல்ல."

அந்தச் சொல்லு அவளுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு.

அப்புறம் வளந்தாங்க. முப்பிடாதி ஆட்டு யாவாரத்துக்குப் போனா. அப்பன் காசுல இல்ல, ஒத்தக் குட்டியை வச்சு ஆரம்பிச்சவ. சந்தையில பத்து ஆம்பளைங்க வளைச்சு நிப்பாங்க, அவளுக்கு அது புதுசா? பாடி வர்றவன் மூஞ்சியைப் பாக்காத, காலைப் பாருன்னு பொட்டல்ல படிச்சவ. மூஞ்சி பொய் சொல்லும். "இந்த வெலைன்னா வேண்டாம், நான் போறேன்"னு ஒருத்தன் சொல்லுவான். அவ குனிஞ்சு அவன் காலைப் பாப்பா. காலு நகராது. "போறவன் போயேன்யா, செருப்பு ஒட்டிக்கிச்சா?"ம்பா. ஆனா தன் ஆட்டுக்கு இருமல் இருந்தா, கேக்கறதுக்கு முன்னாடி அவளே சொல்லிருவா. அதுவும் பொட்டல்ல படிச்சதுதான்.

"அவ கோவக்காரியா அத்தை? உன்ன மாதிரி?"

"பேசாமக் கேளுளா!"

கேப்டன் மண்ணு யாவாரத்துல எறங்குனான். பொக்லைன் வாங்குனான். கடமுட கடமுடன்னு ஊரைச் சுத்தி வெட்டுனான். அப்போ ஒரு நாள், ஊரே கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ, பொட்டல் ஓரத்துல ஆளு ஒசரத்துக்கு ஒரு குழி விழுந்துச்சு. மறுநாள் மழை. சோ... சோன்னு கொட்டித் தீத்துச்சு. குழி ரொம்பி, பாத்தா சின்னக் குட்டை மாதிரி கெடந்துச்சு.

மழை விட்டு, பொட்டல் காஞ்சு, மறுபடி ஆட்டம்னு சொன்னாங்க. கோமு விடியக்காலையிலேயே டப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டா. சர்ர்ர்... சர்ர்ர்... பின்னாடியே நடக்குறா. சர்ர்ர்...

பொதக்.

முப்பிடாதி போயிப் பாத்தா. கோடு நேரா வந்துச்சு, கொஞ்சங்கூட வளையல. தண்ணியில வந்து முடிஞ்சிருந்துச்சு. டப்பா மட்டும் மெதந்துச்சு.

ம் போடு பூரணி.

"...ம்."

அப்புறம் முப்பிடாதி மூணு வாசல் ஏறுனா. குழி வெட்டினது யாருன்னு ஒரே கேள்வி. முதல்ல பொக்லைன் ஓட்டுறவன். "சொன்ன எடத்துல வெட்டுவேன்க்கா, எந்த எடம்னு ஞாபகமில்ல"ன்னு வானத்தைப் பாத்தான். அப்புறம் ஊர்த் தலைவர். "மழை அரிச்ச குழிம்மா அது." "மழைக்குப் பல்லு மொளைச்சிருக்கா தலைவரே? கரை பூரா பொக்லைன் பல்லுத் தடம்லா கெடக்கு!"ன்னா. அவர் உள்ள போயிட்டாரு.

மூணாவது வாசல் கேப்டன். மூஞ்சியில அப்படி ஒரு சோகம். கண்ணு கலங்குது. அவ குனிஞ்சு காலைப் பாத்தா. அதே பெருவெரல். தரையைக் கீறிக்கிட்டே இருந்துச்சு.

"நடந்தது நடந்துபோச்சு முப்பிடாதி. உனக்கு என்ன வேணும்னு சொல்லு, பேசி முடிச்சுக்குவோம்."

வாழ்க்கை பூரா பேரம் பேசுனவ அவ. ஆட்டுக்குப் பேசுனா, தோலுக்குப் பேசுனா, கயித்துக்குக்கூடப் பேசுனா. அன்னைக்குப் பேசல.

"பொட்டலுக்கு வா. ஊரு முன்னால நில்லு. கையைத் தூக்கு. என் வெலை அதுதான், கொறைக்க மாட்டேன்."

அவன் மெதுவாக் கேட்டான். "நான் வெட்டுனதை யாரு பாத்தா?"

"அன்னைக்குக் கிடா போனப்பவும் யாரும் பாக்கல"ன்னா அவ.

டப்புன்னு கதவு சாத்திக்கிச்சு.

மறுநாளே குழியை யாரோ மூடிட்டாங்க. இப்போ புல்லுகூட மொளைச்சிருச்சு. ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முப்பிடாதிதான் வந்து கோடு போடுறா. பின்னாடியே நடந்து, சர்ர்ர்ன்னு. அந்த எடம் வந்ததும் நிறுத்திருவா. அதுக்கு மேல போட மாட்டா. பிள்ளைகளும் பாதிக் கோட்டுலதான் ஆடுதுங்க.

"அவன் கையைத் தூக்குனானா அத்தை?"

"இன்னும் இல்ல."

"அப்போ கதை?"

"கதை பாதிக் கோட்டுல நிக்குது. நீ கண்ணை மூடு, மீதியைப் போட வேண்டியவன் வேற ஆளு. தூங்குளா."

ஏய், சன்னலுக்கு வெளிய இருக்கிறவனே. பிள்ளை தூங்கிட்டா. நீ தூங்காத. உனக்குப் பட்டது உனக்குத் தெரியும். எந்திரி. பொட்டலுக்கு வா. தூக்குலே கையை!