மழுங்கன் காளையின் பால்

குமிழிநல்லூரை ஆண்ட பூபாலசிங்க மகாராசாவுக்குப் போர்க்களத்தில் பயமே கிடையாது. அவர் போர்க்களத்துக்குப் போனதே இல்லை என்பது வேறு விஷயம். உலகத்தில் அவர் அஞ்சியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: மதியச் சோற்றுக்குத் தயிர் போதாமல் போவது.

ஒரு வருஷம் போதாமல் போயிற்று. உடனே சபை கூடியது.

"தொழுவத்தில் மாடு பெருத்திருக்கிறது, இலையில் தயிர் சிறுத்திருக்கிறது. காரணம் சொல்லுங்கள்" என்றார் மகாராசா.

எழுந்தவர் சுழிப் பண்டிதர் வரகுணர். மாட்டின் உடம்பில் மயிர் எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்துப் பலன் சொல்வது அவர் வித்தை. மாடு வாங்கப் போகிறவர்கள் சுழியும் பார்ப்பார்கள், பல்லும் பார்ப்பார்கள், மடியும் பார்ப்பார்கள். வரகுணர் சுழியோடு நிறுத்திக்கொள்வார்.

"மகாராசா, நம் தொழுவத்தில் பசுக்களோடு சேர விடும் பொலிகாளை இரண்டு. ஒன்று கோபுரன். பேருக்கேற்ற திமில், முதுகில் ஏறுபூரான் சுழி. பூரான் மேலே ஏறுகிற மாதிரி மயிர் ஓடும். அது நிற்கும் வீட்டில் எல்லாம் ஏறும். இன்னொன்று மழுங்கன். கொம்பு மொண்ணை, நடை கோணல், முதுகில் இறங்குபூரான் சுழி. எல்லாம் இறங்கும். பால் இறங்கிவிட்டது."

"பரிகாரம்?"

"மழுங்கனுக்குக் காயடித்துச் செக்குக்கு அனுப்பிவிடலாம். இனிப் பசுக்களெல்லாம் கோபுரனோடு சேரட்டும்."

மகாராசா தலையசைக்கப் போன நேரத்தில் மடைப்பள்ளி அதிகாரி சடகோபன் இருமினார். அரண்மனைக்கு வரும் பாற்குடங்களைத் தினமும் வாங்கி வைப்பவர் அவர்தான்.

"என்ன சடகோபரே, தொண்டையில் பூரானா?" என்றார் வரகுணர்.

"ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் தெரியவில்லை, பண்டிதரே" என்ற சடகோபன் மகாராசாவின் பக்கம் திரும்பினார். "பால் குறைந்தது மழுங்கனால் இல்லை, மகாராசா. கோபுரனால். அழகாயிருக்கிறானே என்று ஏழெட்டு வருஷமாக முக்கால்வாசிப் பசுக்களை அவனிடமே விட்டோம். அவன் மகள்கள் தொழுவத்தை நிறைக்கிறார்கள், குடத்தை நிறைப்பதில்லை. பொலிகாளைக்குச் சுழி பார்த்து என்ன பயன்? பாலைப் பார்க்க வேண்டும்."

சபை சிரித்தது. வரகுணர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காளைக்குப் பாலா? கறக்கும்போது எந்தப் பக்கம் உட்காருவீர், ஐயா?"

மகாராசாவுக்கும் வேடிக்கை தொற்றிக்கொண்டது. "நல்லது. நாளை மறுநாள் இரண்டு காளைகளின் பாலையும் நம் முன்னால் கொண்டுவந்து வையும். எது அதிகம் என்று நாமே பார்க்கிறோம். முடியாவிட்டால் மழுங்கனோடு நீரும் செக்கடிக்குப் போகலாம். செக்கு மரத்தின் மேல் உட்கார்ந்து சுற்ற ஆள் வேண்டுமாம்."

சடகோபனுக்கு ஊஞ்சலில் இரண்டு வீச்சு ஆடினாலே தலை சுற்றும். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

குறித்த நாளில் அரண்மனை முற்றம் நிரம்பி வழிந்தது. திரைக்குப் பின்னால் ராஜமாதாவும் வந்து உட்கார்ந்திருந்தார். சடகோபன் ஆறு பசுக்களை ஓட்டிவந்தார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பக்கத்துக்கொரு குடம். கறப்பவர் ஒரே ஆள். கறந்து முடிந்தபோது ஒரு குடத்தில் பால் பாதிக்கு மேல் வரவில்லை. இன்னொன்று நுரை தள்ளி வழிந்தது.

"அரைக்குடம் கோபுரனின் பால். வழிவது மழுங்கனின் பால்" என்றார் சடகோபன்.

"இது பசுவின் பால்" என்றார் வரகுணர்.

"அந்தப் பசுக்கள் கோபுரனின் மகள்கள். இவை மழுங்கனின் மகள்கள்."

"இருக்கட்டுமே. மகள் தாயைப் போலத்தான் கறக்கும். மழுங்கனுக்கு நல்ல பசுக்கள் வாய்த்திருக்கும்."

"அருமையான ஆட்சேபம்" என்று சடகோபன் மனதாரச் சொன்னார். "அதனால்தான் அக்காள் தங்கைகளாகப் பார்த்து ஓட்டிவந்தேன். மூன்று தாய்கள். ஒவ்வொரு தாய்க்கும் மூத்த மகள் கோபுரனுக்குப் பிறந்தது, இளைய மகள் மழுங்கனுக்குப் பிறந்தது. ஆறும் இந்த மாதம்தான் கன்று போட்டன. தாய் ஒன்று, தீவனம் ஒன்று, கறக்கும் கை ஒன்று. மாறியது அப்பன் மட்டும். மூன்று சோடியிலும் தங்கைதான் அதிகம் கறந்தாள்."

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வரகுணர் விடவில்லை. "மகாராசா, ஒரே ஒரு சந்தேகம். தன்னிடம் இல்லாததை ஒருவன் எப்படிக் கொடுப்பான்? மழுங்கனுக்கு மடியுண்டா, காம்புண்டா? இல்லாத பாலை அது மகளுக்குக் கொடுத்ததாமே."

மகாராசா முகவாயைத் தடவினார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. செக்கு மரம் சடகோபன் கண்ணுக்குத் தெரிந்தது.

"மகாராசா, தங்கள் மீசை யாருடைய சாயல்?" என்று கேட்டார்.

"இது தெரியாதா? என் தாயைப் பெற்ற பாட்டனாருடையது. அப்படியே உரித்து வைத்த மாதிரி என்று ஊரே சொல்லும். தந்தையாருக்குப் பாவம், பூனை மீசை."

"பாட்டனாரிடமிருந்து தங்களுக்கு அது எந்த வழியாக வந்தது?"

"என் தாயார் வழியாக."

"ராஜமாதாவுக்கு மீசை உண்டா?"

காவலாளி ஒருவன் வாளின் பிடியைத் தேடினான்.

"இல்லை" என்றார் மகாராசா மெதுவாக.

"தம்மிடம் வெளியே தெரியாத மீசையை அவர் மகனுக்குக் கொடுத்தார். தன்னிடம் வெளியே தெரியாத பாலை மழுங்கன் மகளுக்குக் கொடுத்தான்."

மகாராசா மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு உத்தரவு போட்டார்: மழுங்கன் தொழுவத்திலேயே இருப்பான். கோபுரன் அழகன், திருவிழாவுக்கு முரசு சுமக்கட்டும். செக்கு மரத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டும். சடகோபனுக்கு மழுங்கனின் மகள் ஒன்று, கன்றோடு.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ராஜமாதாவின் குரல் கேட்டது.

"பூபாலா, என் அப்பா என்னிடம் மீசையை மட்டுமா கொடுத்தனுப்பினார்? புத்தியையும்தான் கொடுத்தனுப்பினார். அது மட்டும் என்னிடமே தங்கிவிட்டது போலிருக்கிறது."

முதலில் சிரித்தவர் மகாராசாதான். அவர் சிரித்த பிறகே மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.