ஆட்டுக்குப் பின்னால் நடந்த அரசன்

கேளுங்கள். கேட்டபின் எரிச்சல் வந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள். மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் மகுடதீரன் என்றோர் அரசன் இருந்தான். அரசனுக்கு முன்னால் மனிதர் எவரும் நடக்கக் கூடாது என்பது அவன் நாட்டு வழக்கம். நடந்தால் தலை போகும்.

ஒருமுறை கூன்மலை அடிவாரத்தில் ஓடை வற்றித் தினைப்பயிர் கருகத் தொடங்கியது. படைத்தலைவன்தான் மலைக்கு அப்பால் ஓடையை மறித்துத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டான் என்று, அங்கே வந்து தங்கியிருந்த அரசனிடம் ஊரார் முறையிட்டார்கள். அவன் இல்லவே இல்லை என்று சாதித்தான். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றான் அரசன்.

மலையுச்சியில் நின்றால் இரு பக்கமும் தெரியும். ஆனால் நண்பகலில் மேகம் வந்து மூடிவிடும். மறுநாள் அரசன் தலைநகர் திரும்புகிறான். அதற்குமுன், மேகம் மூடுவதற்குள் பார்க்காவிட்டால் ஊருக்குப் பட்டினிதான்.

வழிகாட்ட வந்தவன் சின்னாண்டி என்ற ஆட்டிடையன். வழிகாட்டிதான், ஆனால் பின்னால்தான் நடக்க வேண்டும். இதைப் படைத்தலைவன் அடிக்கடி நினைவூட்டிக்கொண்டே வந்தான்.

முதல் மேடு வந்ததும் இதுதான் உச்சி என்று அரசன் உட்கார்ந்துவிட்டான். இல்லை என்று சின்னாண்டி பின்னாலிருந்து கெஞ்சினான். வலப்பக்கம் போகச் சொன்னால் அரசன் இடப்பக்கம் போய் முள்ளில் மாட்டினான். இரண்டாம் மேட்டிலும் உட்கார்ந்தான், காட்சியை மெச்சினான், முள்ளில் மாட்டினான். மூன்றாம் மேட்டிலும் அதே கதை.

சின்னாண்டிக்கு வயிறு எரிந்தது. கீழே தினை கருகுகிறது, இங்கே இவருக்குக் காட்சி கேட்கிறது என்று பல்லைக் கடித்தான். மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது பாறையோரம் அவனுடைய வெள்ளாடு ஒன்று மேய்வதைப் பார்த்தான்.

"சாமி, மனுஷங்கதானே முன்னால நடக்கக் கூடாது? ஆடு நடக்கலாமுங்களா?"

அரசன் தாடியைத் தடவினான். "ஆட்டைப் பற்றி வழக்கத்தில் ஒன்றுமில்லையே. நடக்கட்டும்."

படைத்தலைவன் வாயைத் திறப்பதற்குள் சின்னாண்டி ஆட்டை அரசனுக்கு முன்னால் விரட்டிவிட்டான். இடையன் மந்தையை ஓட்டுவது பின்னால் நின்றுதானே! அவன் சீழ்க்கையடித்தால் ஆடு திரும்பும். ஆடு திரும்பினால் அரசன் திரும்புவான். ஒரு முள்கூடக் குத்தவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப்பக்கத்து மேகம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மேகம் இன்னும் எட்டாத அப்பக்கத்தில் மண்ணணையும், அதன் கீழே செழித்த வாழைத்தோட்டமும் அரசன் கண்ணில் பட்டன. படைத்தலைவனை அங்கேயே கட்டச் சொன்னான். அணையை உடைக்க ஆணையிட்டான்.

பிறகு தன் கழுத்துப் பூமாலையைக் கழற்றி, என்ன அறிவு என்று வியந்து, ஆட்டுக்குப் போட்டான்.

"தண்ணி வருதே, அது போதுமுங்க," என்றான் சின்னாண்டி. ஆடு மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

வழி தெரிந்தவனைப் பின்னால் நிறுத்துகிறவன், கடைசியில் ஆட்டுக்குப் பின்னால்தான் நடக்க வேண்டிவரும்.