பன்னிரண்டாவது மாடல்

உளவியல் துறையின் மூன்று மாடிப் படிகளையும் அருமைநாயகம் ஒரே மூச்சில் ஏறினார். வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். தன்னைவிடப் பதினோரு வயது இளைய பேராசிரியரை வாய் நிறைய மேடம் என்பார். அவரும் பதிலுக்கு இவரை சார் என்பார்.

"கிடைச்சிருச்சு மேடம்! மல்லிகை வாசனை இருக்கிற அறையில படிச்சா ஞாபகம் கூடுது!"

பேராசிரியர் ரஹ்மத் நிமிர்ந்தார். "சோதனைக்கு வந்த அறுபது பேருக்குமா?"

"காலையில சாப்பிட்டு வந்த, வீட்டுக்கு மூத்த பொண்ணுங்களுக்கு. யாருக்குக் கூடுதுன்னு பன்னிரண்டு விதமா கணக்குப் போட்டுப் பாத்தேன். பன்னிரண்டாவது மாடல் கச்சிதமா பொருந்துது. தற்செயலா இப்படி வர நூத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல!"

"முதல் பதினொண்ணு?"

"அதெல்லாம் சரியா வரல. விட்டுட்டேன்."

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. மூன்று வருஷமாக 'என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க' என்று கேட்டு அலுத்துப்போன மனைவிக்கு அவர் போன் போட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது. மேடம் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மேடம் தலையாட்டவில்லை. அறுபது பேரின் விவரம் இருந்த கோப்பை வாங்கிக்கொண்டு, "காபி குடிச்சிட்டு வாங்க சார்" என்றார்.

திரும்பி வந்தவரிடம் ஒரு பென்டிரைவை நீட்டினார். "இதுலயும் அறுபது பேர். பொருத்திப் பாருங்க."

முதல் மாடல் கைவிரித்தது. இரண்டாவதும் அப்படியே. மனிதர் விடுவாரா? ஒன்பதாவதில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இங்கேயும் மல்லிகைதான் மேடம்! ஆனா சாப்பிடாம வந்த கடைக்குட்டிப் பையன்களுக்கு!"

"ஏன் அப்படி?"

"வெறும் வயித்துல மூக்கு கூர்மையா வேலை செய்யும். கடைக்குட்டி எப்பவும் அம்மா பக்கத்துலயே இருக்கிறவன், அவங்க தலைப்பூ வாசனை அவனுக்குப் பழக்கம்." பத்து நிமிஷம் பிரமாதமாக விளக்கினார். அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

ரஹ்மத் ஒரு தாளை அவர் முன் வைத்தார். அறுபது வரிகள். ஒவ்வொன்றிலும் பூ அல்லது தலை.

"அது உங்க கோப்புதான் சார். யார் மல்லிகை அறையில இருந்தாங்கங்கறதை மட்டும் காசு சுண்டி மாத்திட்டேன். இதுல மல்லிகைக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தமே கிடையாது."

அருமைநாயகத்துக்கு முகம் செத்துப்போயிற்று. தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, நான் முதல்ல கண்டுபிடிச்சது பொய்யா?"

"தெரியாது."

"நிஜமா?"

"அதுவும் தெரியாது."

"எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது மேடம்?"

ரஹ்மத் ஒரு உறையையும் பசைப்புட்டியையும் எடுத்து வைத்தார். "எந்த மாடல், யாருக்கு, எவ்வளவு கூடும். எல்லாத்தையும் இப்பவே எழுதி உள்ளே போட்டு ஒட்டிடுங்க. நாளைக்குப் புதுசா ஆட்களைக் கூப்பிடுங்க. இந்தத் தடவை நிறைய பேரு."

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அருமைநாயகம் கணினியில் திறந்திருந்த மாநாட்டுப் பக்கத்தைத் தானே மூடினார். எழுத உட்கார்ந்தார். நெஞ்சு, படியேறி வந்தபோதுகூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"மறுபடியும் அதே மாதிரி வந்துச்சுன்னா மேடம்?"

"உங்க வீட்டுக்கு நானே போன் போடுறேன்."

சிரித்துவிட்டார். தாளை மடித்து உறைக்குள் போட்டவர், சற்றுத் தயங்கினார்.

"ஒட்டினப்புறம், பதிமூணாவது மாடல் ஒண்ணு இதைவிட நல்லா இருக்கும்னு தோணிச்சுன்னா?"

"தோணும் சார். அதுக்குத்தான் பசை."