ஹாலந்துக் கிழங்கும் பூசணிக்காய்க் கூட்டும்

ஜெனோவாவுக்குத் திமிரா? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. வந்த விருந்தாளிக்குக் கூட்டு வச்சுக் குடுத்தது ஒரு குத்தமா?

நாகப்பட்டினம் கடலோரத்துக்கும் ஹாலந்துல ஒரு மாகாணத்துக்கும் ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து போட்ட ஆராய்ச்சி ஒப்பந்தம் அது. உப்பு மண்ணுல விளையுற உருளைக்கிழங்கு, விதைக்காக மூட்டை மூட்டையா அங்கேருந்து வந்துச்சு. நம்ம மண்ணுல அது முளைக்குமான்னு பாத்துடணும்னு ஆய்வு மாணவி ஜெனோவாவுக்கு ஒரே துடிப்பு. கேட்டப்பல்லாம் "அழுகிப்போச்சும்மா"ன்னாரு ஆராய்ச்சி நிலைய இயக்குநர் வைகுந்தநாதன். ஹாலந்துக்காரங்க வர்றாங்கன்னதும் அதே மனுஷன், "கூட்டு ஆராய்ச்சி மேடையில இருக்கணும். இல்லன்னா உன் பிஎச்டி காலி"ன்னாரு.

விழா மேடையில ஒரு சட்டி பூசணிக்காய்க் கூட்டு இருந்துச்சு.

"இது என்ன?"ன்னு ஆசையா மோந்து பாத்தாங்க ஹாலந்து அம்மா.

"கூட்டு மேடம். எல்லாம் சேர்ந்து வேகணும். எங்க ஊரு பூசணி இருக்கு, உங்க ஊரு கிழங்குதான் இல்ல. போட்டிருந்தாலும் கொழகொழன்னு கரைஞ்சிருக்கும்"ன்னா ஜெனோவா.

எல்லாம் தெரிஞ்ச இயக்குநருக்குப் பொறுக்கல. "உனக்கென்ன தெரியும்? அது கரையவே கரையாது. வறுவலுக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல!"

மொழிபெயர்க்க நின்னவரு அதையும் ஒரு வார்த்தை விடாம ஹாலந்து அம்மாகிட்ட சொல்லிட்டாரு.

ஜெனோவா மைக்கை இயக்குநர் பக்கம் நகர்த்தினா.

"அழுகிப்போன கிழங்கை வறுத்துத் தின்னது யாரு சார்? கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."