யார் அந்த மற்றவர்கள்?

கருநாவல் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. குளத்தைச் சுற்றி வாழ்ந்தவை பெரும்பாலும் புள்ளிமான்கள். முயல்களும் கீரிகளும் அங்கங்கே கொஞ்சம். முள்ளம்பன்றிகள் ஒரே ஒரு குடும்பம். முள்ளம்பன்றி உண்மையில் பன்றியே அல்ல. எலிக்குத்தான் அது தூரத்துச் சொந்தம். பெயர் வைத்தவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. போகட்டும்.

அந்தக் காட்டில் அரசன் கிடையாது. தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். "காட்டில் பிறந்த எந்த விலங்கும் தலைவர் ஆகலாம்" என்பது சட்டம். மிக நல்ல சட்டம். மான்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும். அந்தச் சட்டப்படி இதுவரை தலைவரானவை எல்லாமே மான்கள் என்பது வேறு விஷயம்.

சிலும்பி என்ற முள்ளம்பன்றி பல காலமாகத் துணைத் தலைவர். தண்ணீர் குடிப்பதில் சண்டை வந்தால் அதுதான் தீர்த்து வைக்கும். "முதலில் வந்தவர் முதலில் குடிக்கட்டும்" என்று அது வகுத்த முறையால் குளக்கரை அமைதியாக இருந்தது.

ஒரு நாள், தலைவராக இருந்த கிழமான் தனக்கு ஓய்வு வேண்டும் என்று அறிவித்தது. உடனே கவைக்கொம்பன் என்ற மான் கொம்பை ஆட்டிக்கொண்டு கிளம்பியது.

"நான் தலைவரானால் கோடையில் மான்களுக்கே முதல் தண்ணீர்! மிச்சம்தான் சின்னப் பிராணிகளுக்கு!"

கோடையில் குளம் சுருங்கிவிடும். மான் கூட்டம் இறங்கிக் கலக்கிய பிறகு மிச்சம் என்பது சேறுதான். தவிடன் என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"சிலும்பி அக்கா! சேற்றைக் குடித்து எங்கள் குட்டிகள் பிழைக்குமா? நீங்கள் தேர்தலில் நில்லுங்கள்!"

"நிற்கத்தான் போகிறேன். எனக்கும் ரொம்ப நாளாகத் தலைவராக ஆசை."

"ஐயோ, ஆசை என்று வெளியில் சொல்லாதீர்கள்! சேவை என்று சொல்லுங்கள்!"

"கவைக்கொம்பன் ஆசைப்பட்டால் லட்சியம், நான் ஆசைப்பட்டால் பேராசையா? போடா!"

முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குகிறவை. ஆனால் தேர்தல் வந்துவிட்டால் தூக்கம் ஏது? சிலும்பியும் தவிடனும் வெயிலிலேயே வாக்குக் கேட்கக் கிளம்பின.

நாவல் மரத்தடியில் மருதி என்ற பெண்மான் மேய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதன் முகம் மலர்ந்தது.

"நீயா! உன்னை விடத் தகுதியானவர் யார்? எனக்கு நூற்றுக்கு நூறு சம்மதம்." பிறகு குரலைத் தாழ்த்தியது. "ஆனால் மற்றவர்கள் ஒப்ப வேண்டுமே, கண்ணு! கோபம் வந்தால் நீ முள்ளை எய்துவிடுவாய் என்று பயப்படுகிறார்கள்."

"முள்ளம்பன்றி முள்ளை எய்யாது அத்தை. யாரோ கிளப்பிவிட்ட கதை அது."

"எனக்குத் தெரியாதா? அவர்களுக்குத்தான் தெரியாது!"

"எவர்களுக்கு?"

"மூங்கில் புதர்ப் பக்கத்துக்காரர்களுக்கு. அவர்கள் கொஞ்சம் பழைய ஆட்கள்."

மூங்கில் புதரில் வரிக்கழுத்தன் என்ற மான் வாயில் இலையோடு வரவேற்றது.

"பழைய ஆட்களா? எங்கள் பக்கத்தில் எல்லாரும் முற்போக்கு! என் ஓட்டு உனக்குத்தான் என்று வைத்துக்கொள். ஆனால் பாறைமேட்டு மான்கள் இருக்கின்றனவே! புதுத் தலைவரின் கழுத்தோடு கழுத்து உரசி வாழ்த்துவது நம் வழக்கம். உன் கழுத்தில் எப்படி உரசுவது என்று கேட்பார்கள்."

"தூர நின்று தலையாட்டினால் வாழ்த்து போய்ச் சேராதா?" என்று கேட்டது தவிடன்.

"எனக்குச் சேரும் தம்பி. அவர்களுக்குச் சேராது."

பாறைமேட்டில் இளமான்கள் முட்டி விளையாடிக்கொண்டிருந்தன. கழுத்து உரசுவதைப் பற்றிக் கேட்டதும் அவை கனைத்துச் சிரித்தன.

"கழுத்தாவது, உரசலாவது! எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை அக்கா. நாவல் மரத்தடியில் மருதி அத்தை மாதிரி சிலர் இருக்கிறார்கள் பாருங்கள், அவர்கள்தான் ஒப்பமாட்டார்கள்!"

தவிடன் தரையில் உருண்டு சிரித்தது. "காடு முழுக்கச் சுற்றிவிட்டோம், இந்த மற்றவர்களை எங்கேயும் காணோமே! பக்கத்துக் காட்டுக்குக் குடிபோய்விட்டார்களோ?"

சிலும்பி சிரிக்கவில்லை. "தேர்தல் அன்று சரியாக வந்து சேர்ந்துவிடுவார்கள்டா. அதுதான் பயமாக இருக்கிறது."

பயத்துக்குக் காரணம் உண்டு. அங்கே ஓட்டுப் போடும் முறை அப்படி. வேட்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். வேண்டியவருக்குப் பின்னால் நடந்துபோய் நிற்க வேண்டும். மான்களோ முன்னே போகும் மானின் வாலைப் பார்த்தே நடப்பவை. புலி துரத்தும்போது அது அருமையான பழக்கம். ஓட்டுப் போடும்போது அவ்வளவு அருமை என்று சொல்ல முடியாது. ஒரு வால் இடப்பக்கம் திரும்பினால் எல்லா வாலும் இடப்பக்கம்தான்.

தேர்தல் நாள் காலையில் சிலும்பி கிழமானிடம் போனது.

"ஐயா, ஒரு வேண்டுகோள். இந்த முறை யாரும் நடக்க வேண்டாம். எல்லாரும் வட்டமாக, வெளிப்பக்கம் பார்த்து நிற்கட்டும். வேண்டியவர் பெயரைச் சொல்லும்போது முன்காலால் தரையைத் தட்டினால் போதும்."

"இது என்ன புதுப் பழக்கம்?" என்று சீறியது கவைக்கொம்பன்.

"ஏன் அண்ணே, பயமா?"

"பயமா? எனக்கா? போடுங்கள் வட்டத்தை! என் பெயரை முதலில் சொல்லுங்கள்!"

வட்டம் போட்டாயிற்று. மான்களுக்கு முன்னால் காடுதான் தெரிந்தது. ஒரு வாலும் தெரியவில்லை. நடுவில் நின்ற கிழமான் உரக்கச் சொன்னது:

"கவைக்கொம்பன்!"

டக், டக் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம். அதன் மாமனும் மச்சான்களும், முதல் தண்ணீருக்கு நாக்கைத் தொங்கப்போட்ட சிலரும் தட்டினார்கள். மருதி காதை விடைத்துக் கேட்டது. 'அட, மூங்கில் பக்கம் சத்தமே இல்லையே!' வரிக்கழுத்தனுக்கும் வியப்பு. 'பாறைமேடு ஏன் பேசாமல் இருக்கிறது?'

"சிலும்பி!"

முதலில் முயல்களின் மெல்லிய தட்டல் கேட்டது. பிறகு மருதியின் கால் இறங்கியது. டொம்! அதே நேரம் மூங்கில் பக்கமும் டொம்! பாறைமேட்டுப் பக்கமும் டொம்! டொம்! டொம்! குளத்தில் அலை எழுந்தது. கரையில் படுத்திருந்த ஆமை, இடி விழுந்ததென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மான்கள் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன.

"நீயுமா?"

"அட, நீயுமா?"

சிலும்பி தலைவரானது! மான்கள் தூர நின்று தலையாட்டின. வாழ்த்து நன்றாகவே போய்ச் சேர்ந்தது. "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்லாத மான் காட்டில் ஒன்றுகூட இல்லை.

கோடை வந்தது. குளம் சுருங்கியது. ஒரு காலையில் சிலும்பியின் சித்தப்பா முள்ளைச் சிலுப்பிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தது.

"விலகுங்கள், விலகுங்கள்! எங்கள் வீட்டுப் பெண்தான் தலைவர்! இனி முதல் தண்ணீர் எங்களுக்குத்தான்!"

மான்கள் அசையாமல் நின்றன. எல்லாக் காதுகளும் சிலும்பியின் பக்கம் திரும்பின.

"சித்தப்பா, உங்களுக்கு முன்னால் வந்தது யார்?" என்று கேட்டது சிலும்பி.

"இதோ, இந்த மான்."

"அப்படியானால் அதற்குப் பின்னால் நில்லுங்கள்."

"சொந்தச் சித்தப்பாவுக்கே இந்த மரியாதையா!"

"மரியாதை இருக்கிறது சித்தப்பா. வரிசையும் இருக்கிறது."

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றது. அதற்கு முன்னால் நின்ற மான் கவைக்கொம்பன்தான். பின்னங்காலுக்கு அருகில் அத்தனை முள் நின்றதால், அன்று அது மடமடவென்று குடித்துவிட்டு மிக விரைவாக நகர்ந்தது. வரிசையும் விரைவாக நகர்ந்தது. முயல்குட்டிகளுக்கும் தெளிந்த தண்ணீரே கிடைத்தது.

நீதி: "எனக்குச் சம்மதம்தான், மற்றவர்கள்தான் ஒப்பமாட்டார்கள்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், எல்லாருக்கும் உரிய பதவி என்றைக்கும் ஒரு சாராருக்கே போய்ச் சேரும்.