பேச்சிமுத்து பிடித்த மலிவான மாடம்

நெட்டூர்க் குளத்தின் கரையில் ஒரு பனைமரம். அதன் உச்சியில் ஒரு பொந்து. பாம்பு ஏற முடியாத, மழை நுழைய முடியாத பொந்து அந்தக் கரையிலேயே அது ஒன்றுதான். அதில் பேச்சிமுத்து என்ற மைனாவும் அவன் மனைவி செண்பகமும் குடியிருந்தார்கள்.

பேச்சிமுத்துவுக்குப் பேரம் என்றால் உயிர். ஆலம்பழம் தின்னப் போனால்கூட மரத்தோடு நாலு வார்த்தை பேசிக் குறைத்துவிட்டுத்தான் தின்பான் என்று குளத்தில் கேலி செய்வார்கள். அவனிடம் ஒரு வித்தை இருந்தது. விலை படியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நாலடி நடப்பான். அடுத்த அடி வைப்பதற்குள் எதிராளி, "சரி சரி, வாரும்" என்று கூப்பிட்டுவிடுவார். நெட்டூரில் அணில் முதல் ஆமை வரை அப்படிக் கூப்பிடாத ஆளே கிடையாது.

எதிரே புளியமரத்தில் அவனுடைய சகலை கோமதிநாயகம் இருந்தான். செண்பகத்தின் அக்காள் புருஷன். மாமியார் உலகம்மாளும் அவன் வீட்டில்தான்.

மைனா ஜாதிக்கு ஒரு பழக்கம் உண்டு. காதில் எது ஓயாமல் விழுகிறதோ, அது ஒருநாள் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பஸ் நிலையத்தில் வளர்ந்த கோமதிநாயகம் கோபம் வந்தால் ஹாரன் அடிப்பான். பம்ப்செட் பக்கத்தில் பிறந்த உலகம்மாள் தும்மினால் மோட்டார் கிளம்புவது போலிருக்கும்.

போன வருஷம் கோமதிநாயகம் ஐரோப்பாவுக்குப் போய் வந்தான். வியன்னா என்ற நகரத்தில் விடுமுறை. ஒரு மூட்டை நிலக்கடலையை வாடகையாகக் கொடுத்து நல்ல இடத்தில் தங்கினானாம். அன்றிலிருந்து குளத்தில் யார் எதைப் பேசினாலும், பேச்சு கடைசியில் வியன்னாவில் போய்த்தான் நிற்கும்.

ஒருநாள் பேச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மூட்டை கொடுத்தா யாருக்கு வேணும்னாலும் நல்ல இடம் கிடைக்கும் வே. நான் பாதிதான் கொடுப்பேன். உம்மைவிடச் சுகமா இருந்துட்டு வருவேன். நான் பேசி முடிச்ச இடத்துல ஒரு குறை இருந்தாலும் இந்தப் பொந்து உமக்கு."

குளமே கேட்டுக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் சந்தோஷமாகச் சம்மதித்தான்.

அந்தப் பொந்துக்குள் நார் நாராகக் கொண்டுவந்து மெத்தை போட்டவள் செண்பகம். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். ஜெயிக்கப் போகிறவன் எதற்குக் கேட்க வேண்டும் என்று பேச்சிமுத்து சிறகை உதறினான்.

போக வர ஆள் ஏற்றிச் செல்வதையே பிழைப்பாக வைத்திருந்த செங்கால் நாரை ஒருவர் குளத்துக்கு வருவார். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்த நாளில் அவர் முதுகில் இரண்டு பேரும் ஏறினார்கள். அரை மூட்டை நிலக்கடலை நாரையின் கழுத்தில் தொங்கியது. பந்தயத்துக்குச் சாட்சியும் அவரே என்று முடிவாயிற்று.

வியன்னாவில் இறங்கியபோது நல்ல உச்சிப்பொழுது. சதுக்கத்தில் இளவெயில் விழுந்திருந்தது. "ஆகா, ஊர் முழுக்க ஏசி போட்டிருக்கான் பாரு" என்று பேச்சிமுத்து நெஞ்சை விரித்து மூச்சு இழுத்தான். செண்பகம் ஏற்கெனவே இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அதை அவன் கவனிக்கவில்லை.

வெளியூர்ப் பறவைகளுக்குத் தங்க இடம் பிடித்துக் கொடுப்பவர் லியோபோல்ட் என்ற மாடப்புறா. குண்டான உடம்பு, குறும்பான கண். ஒரு நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வரிசை நின்றது. பேச்சிமுத்துவின் முறை வந்தது.

ரொட்டிக் கடைப் புகைக்கூண்டின் பின்னால் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நாள் முழுவதும் வெயில் விழும், செங்கல் சூடு இரவிலும் ஆறாது, இந்த ஊரில் அதற்குத்தான் கிராக்கி என்றார் லியோபோல்ட். விலையும் சொன்னார். கோமதிநாயகம் கொடுத்த அதே ஒரு மூட்டை.

பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயிலுக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்தவனிடமே வெயிலை விற்கப் பார்க்கிறாரே! அதுவும் ஒரு மூட்டைக்கு!

"அரை மூட்டை" என்றான்.

"முடியாது ஐயா" என்றார் புறா.

பேச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நடந்தான். யாரும் கூப்பிடவில்லை. ஒருவேளை காதில் விழவில்லையோ என்று அடுத்த அடியை மெதுவாக வைத்தான். அதற்கடுத்ததை அதைவிட மெதுவாக வைத்தான். சதுக்கம் முடிந்து தெருவே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். லியோபோல்ட் வெகு மரியாதையாகச் சிறகை ஆட்டி அவனுக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பனிநாட்டு வாத்தம்மாள் புகைக்கூண்டு இடத்தை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

பேச்சிமுத்து ஓடிவந்தான். "ஏன் என்னைக் கூப்பிடல?"

"போகிறவரைத் தடுப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை, ஐயா."

பேச்சிமுத்துவின் மானம் போனது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அலகை உயர்த்தினான். அந்த வெயில் இடம் தனக்கு எதற்கு, தனக்கு வேண்டியது வேறு என்றான். என்ன வேண்டுமென்று லியோபோல்ட் கேட்டார். நெட்டூர் மைனா எதைக் கேட்குமோ அதையெல்லாம் அவன் கேட்டான். நல்ல நிழல் வேண்டும். காற்றோட்டம் வேண்டும். தண்ணீர்ப் பக்கமாக இருக்க வேண்டும். அரை மூட்டைக்கு மேல் ஒரு கடலை கிடையாது.

லியோபோல்டின் கண்ணில் குறும்பு மினுங்கியது.

"அப்படியே ஓர் இடம் இருக்கிறது. நாள் முழுவதும் நிழல். காற்று நிற்கவே நிற்காது. நேர் கீழே டான்யூப் நதி. மணிக்கொருதரம் சங்கீதம் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அரை மூட்டைக்கே தருகிறேன்."

நெட்டூரில் ஒருவன் கேட்ட மாத்திரத்தில் கேட்ட விலைக்கு இறங்கினால் பேச்சிமுத்து சந்தேகப்பட்டிருப்பான். வியன்னாவில் பெருமைப்பட்டான்.

"பாத்தியா செண்பகம், சங்கீதம் சும்மாவாம்" என்றான்.

அந்த இடம் ஒரு மணிக்கோபுரத்தின் வடக்குச் சுவரில் இருந்த சின்னக் கல் மாடம். புறா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கோபுரம் கட்டிய நாள் முதல் அங்கே வெயில் எட்டிப் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆற்றின் மேலிருந்து காற்று கிளம்பி வந்தது. நெட்டூர்க் காற்று முதுகைத் தடவிவிட்டுப் போகும். இந்தக் காற்று எலும்பைத் தேடிக்கொண்டு உள்ளே நுழைந்தது. பேச்சிமுத்துவின் கால் விரல்கள் அவனுடையவைதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது தலைக்கு நேர் மேலே சங்கீதம் ஆரம்பித்தது.

"டங்ங்ங்!"

அண்டாவைவிடப் பெரிய மணி. மாடம் ஆடியது, மைனாக்கள் ஆடினார்கள், செண்பகம் கீழே விழப் பார்த்து ஒரு கல் மூலையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கியதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நல்ல கணீர்னு இருக்கு" என்றான் பேச்சிமுத்து. பல் இருந்திருந்தால் தந்தி அடித்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் செண்பகம் எங்கோ பறந்து போனாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. ரொட்டிக் கடைக் கூரையில் அந்த வாத்தம்மாளைப் பார்த்தாளாம். பனி நாட்டுக்காரி ஆயிற்றே, சூடு கிடைத்தால் சொர்க்கம் என்று நினைத்து வாங்கிவிட்டாள். இப்போது கம்பளிச் சட்டை போட்ட மாதிரி இறகை வைத்துக்கொண்டு செங்கல் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறாள். நம் மாடத்தைச் சொன்னதும் அழுகையே வந்துவிட்டதாம் அவளுக்கு.

"ஒரு கடலைகூட அதிகம் கேக்கல. இடத்தை மட்டும் மாத்திக்கிடுவோம்னு சொல்லுதா. வாங்க, போவோம்."

பேச்சிமுத்துவின் உடம்பெல்லாம் போகலாம் என்றது. மனசு மட்டும் பனைமரத்தையும் கோமதிநாயகத்தின் சிரிப்பையும் நினைத்தது. இடம் மாறினால் நாரையார் சாட்சி சொல்லிவிடுவார். பேசி முடித்த இடத்தில் குறை இருந்தது என்று ஆகிவிடும்.

"நான் பிடிச்ச இடம் இது. இங்கேயேதான் இருப்பேன்."

"பந்தயம் வச்சது நீங்க. வெறைக்கிறது நானா?" என்று கேட்டாள் செண்பகம். பதிலுக்குக் காத்திராமல் பறந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் வாத்தம்மாள் வந்து சேர்ந்தாள். மாடத்தில் முக்கால் பாகத்தில் உட்கார்ந்துகொண்டாள். "என்ன காற்று! என்ன குளிர்ச்சி!" என்று உருகினாள். சந்தோஷம் தாங்காமல் இரண்டு சிறகையும் விரித்து விசிறினாள். அந்தக் காற்றும் சேர்ந்து பேச்சிமுத்து மேல் அடித்தது.

அங்கிருந்து பார்த்தால் ரொட்டிக் கடைக் கூரை தெரியும். காலையில் செண்பகம் வெயிலில் இறகு கோதுவாள். சூடான ரொட்டித் துணுக்குகள் அவள் காலடியிலேயே கிடக்கும். மதியம் நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து புகைக்கூண்டில் சாய்ந்துகொள்வாள். பேச்சிமுத்து ஊரையே பார்க்கவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை வயிற்றுக்குள் செருகிக்கொள்வதிலேயே பொழுது போயிற்று. ஒவ்வொரு மணிக்கும் மேலே டங் என்றது. அழுகை வந்தது. பொந்தை நினைத்து அடக்கிக்கொண்டான்.

நாரையார் வந்து சௌகரியம் விசாரித்தார்.

"ர்ர்ரொம்ப" என்றான் பேச்சிமுத்து.

விடுமுறை முடிந்து திரும்பியபோது நெட்டூரில் சித்திரை வெயில் கொளுத்தியது. குளத்து ஜனம் முழுவதும் பனைமரத்தடியில் கூடிவிட்டது. தவளை, ஆமை, அணில் எல்லாம் நிழலுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தன. பேச்சிமுத்து மட்டும் வெட்டவெளியில் சுடுமணலில் போய் நின்றுகொண்டான். ஆமைக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகம்தான்.

"என்ன சகலை, இடம் எப்படி?" என்றான் கோமதிநாயகம்.

பேச்சிமுத்து அவிழ்த்துவிட்டான். நிழல் என்றால் நிழல், காற்று என்றால் காற்று. ஆற்றங்கரை மாளிகை. அரை மூட்டைக்கு ராஜவாழ்க்கை. நாரையார் ஒரு நாளும் அவன் குறை சொன்னதில்லை என்று சாட்சி சொன்னார். கோமதிநாயகத்தின் முகம் தொங்கிப்போயிற்று. செண்பகமோ, பொந்து தப்பினால் போதும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்தது.

"சத்தியமாச் சொல்லுதேன், அந்த இடத்துல ஒரு குறைகூட..." என்று பேச்சிமுத்து வாயைத் திறந்தான்.

"டங்ங்ங்!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். பேச்சிமுத்துதான் அதிகம் திடுக்கிட்டான். சிறகால் வாயைப் பொத்தினான். "டங்ங்ங்!" ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "டங்ங்ங்!" உச்சிப்பொழுதுக்கு உரிய மணி அத்தனையும் அடித்து முடித்த பிறகுதான் அவன் தொண்டை அவனிடம் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு தும்மலும் வந்தது.

கோமதிநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மணிக்கு அடியிலயா வே படுத்துக் கிடந்தீரு?"

பேச்சிமுத்து தலைகுனிந்தான். நிழல், காற்று, வாத்து என்று எல்லா உண்மையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. கோமதிநாயகம் பொந்தைப் பார்த்தான்.

அப்போது செண்பகம் முன்னால் வந்தாள்.

"ஒரு நிமிஷம் அத்தான். பொந்துல பாதி என்னது. அதைப் பந்தயம் வைக்க இவருக்கு உரிமை கிடையாது. நான் அதே அரை மூட்டையில ரொட்டிக் கடைக் கூரையில சுகமா இருந்துட்டுத்தான் வந்தேன். நாரையண்ணனே சொல்லட்டும்."

நாரையார் ஆமாம் என்றார். குளமும் அவள் பேச்சு நியாயம் என்றது. கோமதிநாயகம் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் அவன் முகத்தில் வியன்னாப் புறாவின் கண்ணில் இருந்த அதே மினுமினுப்பு தெரிந்தது.

"சரிதான். பேச்சிமுத்துவோட பாதி மட்டும் எனக்குப் போதும். அதுல நம்ம அத்தையைக் குடிவச்சிடுதேன். மகளோட இருக்கணும்னு அவங்களுக்கும் ரொம்ப நாள் ஆசை."

உலகம்மாள் அன்று சாயங்காலமே புளியமரத்திலிருந்து வந்துவிட்டாள். செண்பகத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பேச்சிமுத்துவுக்குப் பொந்துக்கு வெளியே, பனைமட்டையின் மேல், நிழலே இல்லாத இடம் கிடைத்தது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் தொண்டை மட்டும் வியன்னாவை விட்டு வரவில்லை. மணி தவறாமல் டங் என்றது. ஒவ்வொரு தரமும் பொந்திலிருந்து உலகம்மாளின் தலை வெளியே நீளும்.

"மருமவனே, மணி அடிச்சாச்சே, சாப்பாடு எங்க?"

பேச்சிமுத்து இரை தேடப் பறப்பான். கொண்டுவந்து கொடுத்துவிட்டு மூச்சு வாங்குவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

போகிற ஊரில் எது அருமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மலிவை மட்டும் பார்த்துத் தங்கப் போகிறவன், அந்த மலிவுக்கு வாடகையைத் தன் சொந்த வீட்டிலிருந்து கட்ட வேண்டிவரும்.