வேணு என்பவள் யார்?

வெண்ணாற்றுச் சீமையை ஒரு காலத்தில் ரங்கோஜி என்றொரு மராட்டிய ராஜா ஆண்டுவந்தார். மனிதர் நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை உதித்தால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிட வேண்டும், அதுதான் வம்பு. அவருடைய யோசனைகளுக்குப் பின்னால் ஓடி ஓடியே மந்திரி செவ்வந்தியப்பருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் ராஜாவுக்கு உதித்தது இது. குடிகள் எல்லாருடைய பெயரும் ஒரே மாதிரி பதிவாக வேண்டும்: முதலில் சொந்தப் பெயர், அடுத்துத் தகப்பன் அல்லது புருஷன் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நாங்கள் மராட்டியர்கள் அப்படித்தானே எழுதுகிறோம், மற்றவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். பதிவு வேலை திரியம்பக பந்த்திடம் போனது. மந்திரியின் ஆசனத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் அவர்.

பந்த் புகுந்து விளையாடினார். தமிழர்கள் எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்றார்கள். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதிக்கொண்டார். பாதிச் சீமை ஒரே குடும்பமாகிவிட்டது, ஒரே குடும்பத்துக்குள் பெண் கொடுக்கக் கூடாது என்று சேவகர்கள் கல்யாணத்தை நிறுத்தினார்கள். தெலுங்கர்கள் வீட்டுப் பெயரை முன்னால் சொல்லுவார்கள். பந்த் அதையே ஆளின் பெயராக எடுத்துக்கொண்டதால் அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே ஆள் ஆனார்கள், அண்ணன் அடிதடி செய்ததற்குத் தம்பியைச் சிறையில் போட்டார்கள். செவ்வந்தியப்பர் ஒவ்வொன்றையும் கொண்டுபோய்ச் சொன்னார். போகப் போகப் பழகிவிடும் என்றார் ராஜா. மந்திரி வீட்டுக்கு வந்து, மனைவி கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் உமாபாய் சபைக்கு வந்தாள். புருஷனை இழந்தவள். தகப்பனார் அவள் பெயருக்கு எழுதிவைத்த மாந்தோப்புதான் அவளுக்கும் அவள் பெண்களுக்கும் சோறு. அந்தத் தோப்பைப் பந்த் பூட்டிவிட்டார். சாசனத்தில் தோப்புக்காரி பெயர் கோதாவரி, பதிவில் அப்படி ஒருத்தி இல்லை, ஆகவே தோப்பு அரண்மனைக்குச் சேர வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த தோப்பு தன்னுடையது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

“கோதாவரி நான்தான் மகாராஜ்,” என்றாள் உமாபாய். “கல்யாணத்தன்று அவர் தட்டில் அரிசியைப் பரப்பி, மோதிரத்தால் உமா என்று எழுதினார். அன்றிலிருந்து உமா ஆனேன். நம் மராட்டிய ஜனங்களில் எந்தப் பெண்ணுக்குத்தான் அப்படி எழுதவில்லை?”

ராஜா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மந்திரிக்கு உயிர் வந்தது. ஆனால் பந்த் வழக்கம் வேறு, பதிவு வேறு என்றதும் ராஜா அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினார். இந்தத் தலையை யாராவது பிடித்து நிறுத்தினால் தேவலை என்றிருந்தது செவ்வந்தியப்பருக்கு. தீர்ப்பை மறுநாள் சொல்லலாம் என்று மட்டும் கெஞ்சி வாங்கிக்கொண்டார். போகிற வழியில் அந்தப்புரத்துக்கு ஒரு சேதி அனுப்பி, பதில் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சபை கூடியது. வழக்கம்போல மகாராணி அன்னபூர்ணாபாய் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். செவ்வந்தியப்பர் எழுந்து, இதே மாதிரி இன்னொரு வழக்கும் வந்திருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்லிவிடலாம் என்றார். ஒரு சீமான் தன் மகள் வேணுவுக்குச் சீதனமாக ஓர் ஏரியும் மாளிகையும் கொடுத்தார். இப்போது பதிவில் வேணு என்று யாரும் இல்லை. வேறு பெயருள்ள ஒருத்தி அவற்றை அனுபவித்துவருகிறாள். என்ன செய்யலாம்?

ராஜா யோசிக்கவேயில்லை. “அவள் மோசக்காரி. என்ன பந்த்?”

“சந்தேகம் என்ன, மகாராஜா. சொத்தைப் பிடுங்கிக்கொண்டு இன்றைக்கே வெளியே தள்ள வேண்டும்.” தன் சட்டத்தை மந்திரியே ஒப்புக்கொண்டுவிட்ட சந்தோஷத்தில் பந்த் உத்தரவைத் தானே எழுதினார். ராஜா முத்திரை வைத்தார்.

செவ்வந்தியப்பர் அதை வாங்கிப் பந்த்திடமே நீட்டினார். “நீங்களே போய் வெளியே தள்ளிவிடுங்கள், பந்த்ஜி. தூரம் ஒன்றும் இல்லை.”

“எங்கே இருக்கிறாள்? அந்த வேணு என்பவள்தான் யார்?” என்று கேட்டார் ராஜா.

“நான்தான்,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

சபையே திரைப் பக்கம் திரும்பியது.

“அரிசியில் அன்னபூர்ணா என்று எழுதினீர்கள். நானும் அன்னபூர்ணாவாகவே இருந்துவிட்டேன். அதற்கு முன்னால் எனக்கு என்ன பெயர் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?”

ராஜாவின் தலை ஆடவில்லை. பந்த் கையிலிருந்த உத்தரவு மட்டும் ஆடியது. ராஜா அதைப் பிடுங்கிக் கிழித்தார். உமாபாயின் தோப்பை அந்த இடத்திலேயே விடுவித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பந்த்துக்கு வேறு வேலை கிடைத்தது. இனி வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, அவரவர் சொல்லுகிற பெயரை அவரவர் சொல்லுகிறபடியே எழுத வேண்டும், பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். சிறையிலிருந்த தெலுங்குத் தம்பியின் வீட்டில் அவரை உள்ளே விட்டார்களா என்பது வேறு கதை.

மாலையானதும் ராஜா அந்தப்புரத்துக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. “அன்னபூர்ணா,” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. கொஞ்சம் கூச்சத்தோடு “வேணு,” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை.

தோழி எட்டிப் பார்த்து, “இரண்டு பேருமே கோபமாக இருக்கிறார்கள், மகாராஜா,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டாள்.